கை ஊன்றாத வம்சம்

அத்தியாயம் ஒன்பது

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சின்னக்கருப்பனின் கைக்கடிகாரம் ஏழாயிரத்து முந்நூறு என்று காட்டியது. பல்கலைக்கழக வளாகத்துக்குள் அத்தனை அடிகள் நடந்து முடித்திருந்தார். கடிகாரத்துக்கு மகிழ்ச்சிதான். முழங்கால்களுக்கு இல்லை.

வழக்கமாகப் பத்தாயிரம் அடி நடப்பவர், இந்த வாரம் முழுக்கத் தினம் பதினாலாயிரம் நடந்தார். காரணம் வாசகர்களுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை கொட்டாம்பட்டியிலிருந்து வருங்காலச் சம்பந்தி அழகுபாண்டி போன் செய்து ஒரு கேள்வி கேட்டார்.

“நிச்சயத்தன்னிக்குப் பெரியவங்க உக்கார நாற்காலி போடுறீகளா, கீழயா?”

நாற்காலிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அப்படிச் சொல்லிவிட்டுப் போகிற மனிதர் இல்லை சின்னக்கருப்பன்.

“நாற்காலியா? எங்க வம்சத்துல நாற்காலில உக்காந்து பரிசத் தட்டு வாங்குனதா சரித்திரமே இல்லீங்க. ஜமுக்காளந்தான். தட்டு ரெண்டு கையிலயும் இருக்கும். அப்படியே எந்திரிக்கணும். கை தரையில படக்கூடாது.”

மறுமுனையில் இரண்டு தடவை இருமல் கேட்டது. பிறகு, “அதானே! எங்க வீட்லயும் அதேதான்” என்றார் அழகுபாண்டி.

போனை வைத்த பிறகுதான் சின்னக்கருப்பனுக்கு ஒன்று நினைவு வந்தது. அவர் தரையில் உட்கார்ந்து நாலு வருஷம் ஆகிறது.

அன்று மதியமே பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். உட்காருவது எளிதாகவே நடந்தது. எழுவதற்கு முதலில் குத்துவிளக்கைப் பிடித்தார். அது சாய்ந்தது. கதவு நிலையைப் பிடித்தார். எட்டவில்லை. கடைசியில் முருகன் படத்தைப் பிடித்தார். படம் ஆணியோடு கையில் வந்துவிட்டது. “ஆணி பழசு” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மறுநாள் முதல் நடையைக் கூட்டினார். கால் பலவீனமானால் காலுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

அந்த வம்ச வழக்கத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சின்னக்கருப்பனின் தகப்பனார் காளை, சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாமல் அடுத்தவர் வயலிலேயே ஆயுளைக் கழித்தவர். அவருடைய மூத்த மகளுக்கு நிச்சயம் நடந்த அன்று, தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு சபையில் சொன்னார். “அடுத்தவன் வயக்காட்டுல கை ஊனி ஊனியே என் காலம் போச்சு. இன்னைக்கு ஒரு நாளாச்சும் இந்தக் கை மண்ணுல படாது.” சொல்லிவிட்டு, யாரோ மேலேயிருந்து தூக்கினாற்போல் எழுந்து நின்றார்.

அன்று முதல் அது வழக்கம். தங்கையின் நிச்சயத்தில் தகப்பனார் இல்லாத குறைக்குச் சின்னக்கருப்பன் எழுந்தார். ஐம்பது வருஷம் முழுதாக நிரம்பாத வழக்கம்தான். ஆனால் வழக்கத்துக்கு வயது பார்ப்பதில்லை, தொடங்கியவர் யார் என்றுதான் பார்ப்பது. போக்குவரத்துக் கழகத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்ற மனிதர், ஒரே மகளின் நிச்சயத்தில் தரையைப் பிடித்து எழுந்தால் காளை மகன் என்று யார் சொல்வார்கள்?

வீட்டுக்கு வந்தபோது சமையலறை கமகமத்தது. மனைவி ஒச்சம்மாள் அருவாமணை முன் சம்மணமிட்டு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். இன்று நிச்சயதார்த்தம் நடக்கப்போகும் மகள் ஆர்த்திகா, தலையில் ஈரத்துண்டோடு சாப்பாட்டு மேஜையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறையில் அவளுடைய ஆராய்ச்சி, அறுபது வயது தாண்டியவர்களின் உடல்பலத்தைப் பற்றியது. திங்கட்கிழமை பேராசிரியரிடம் கணக்கு காட்ட வேண்டுமாம். நிச்சயத்தன்று காலையில் நோட்டைத் தொடும் பெண்ணை அந்த வம்சம் இதற்கு முன் கண்டதில்லை.

சின்னக்கருப்பன் கை வைத்த நாற்காலியை இழுத்துப் போட்டு, பிடிகளை ஊன்றி மெல்ல உட்கார்ந்தார்.

“தாயி, ஒரு சந்தேகம். என்கூட நடக்கிறவர் ஒருத்தர் இருக்கார். கீழ உக்காந்தா எந்திரிக்க முடியலங்கிறார். என்னவா இருக்கும்?”

“வயசு என்னப்பா?”

“அறுபத்தாறு இருக்கும்.”

“தினம் நடக்கிறாரா?”

“பத்தாயிரம் அடி. ஒரு நாள் தவறினதில்ல.”

“வேற ஏதாச்சும் பயிற்சி?”

“நடக்கிறாரேத்தா. அதுக்கு மேல என்ன?”

ஆர்த்திகா பேனாவை வைத்தாள்.

“அதான் விஷயம். நடை நெஞ்சுக்கு நல்லது, ரத்த அழுத்தத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. விடவே கூடாது. ஆனா கீழ இருந்து எந்திரிக்கிறதுக்குத் தொடையிலயும் இடுப்புலயும் பலம் வேணும். வயசாக ஆக தசை கரையும். நடை மட்டும் அதைத் தடுக்காது. அதனாலதான் வாரத்துல ரெண்டு நாளாச்சும் தசைக்குன்னு தனியாப் பயிற்சி செய்யணும்னு உலகம் பூரா சொல்றாங்க.”

“பத்தாயிரம் நடந்தாக்கூடவா?”

“அந்தப் பத்தாயிரமே ஆராய்ச்சில வந்த கணக்கு இல்லப்பா. ஜப்பான்ல முன்னாடி அடி எண்ணுற கருவி ஒண்ணு வித்தாங்க. அதுக்குப் பத்தாயிரம் அடி மீட்டர்னு பேரு வச்சாங்க. அதுவே உலகத்துக்குச் சட்டமாயிருச்சு. அறுபது தாண்டினவங்களுக்கு ஆறாயிரம், எட்டாயிரத்துலயே முக்கால்வாசிப் பலன் கெடைச்சிருதுன்னு பின்னாடிதான் ஆராய்ச்சி வந்துச்சு.”

“அப்ப அது விளம்பரமா?”

“விளம்பரந்தான்.”

சின்னக்கருப்பன் மணிக்கட்டைப் பார்த்தார். முப்பது வருஷம் ஊரார் டிக்கெட்டைச் சோதித்தவர், ஓய்வு பெற்ற நாளிலிருந்து செல்லாத டிக்கெட்டில் பயணம் செய்திருக்கிறார்.

“கீழ உக்காந்து எந்திரிக்கிறதுக்குன்னே ஒரு பரிசோதனை இருக்குப்பா” என்று ஆர்த்திகா உற்சாகமானாள். “பிரேசில்ல ரெண்டாயிரம் பேருக்கு வச்சுப் பாத்தாங்க. மொத்தம் பத்து மார்க். கை ஊனினா ஒரு மார்க் போச்சு. முட்டி ஊனினா ஒண்ணு போச்சு. கம்மியா மார்க் வாங்கினவங்கதான் அடுத்த சில வருஷத்துல அதிகமா...”

“ஏய்!” என்று அருவாமணையிலிருந்து குரல் வந்தது. “நல்ல நாளும் அதுவுமா என்னத்தடி பேசுற? வாயக் கழுவு!”

“சோசியம் சொல்லலம்மா. ஒடம்புல பலமும் நிதானமும் எம்புட்டு இருக்குன்னு அது ஒரு அடையாளம். அவ்வளவுதான்.”

ஆனால் சின்னக்கருப்பனின் காதில் வேறொன்று விழுந்திருந்தது. “கை ஊனினா மார்க் போச்சா? இதைத்தானேத்தா எங்க அப்பா அன்னைக்கே சபையில சொன்னாரு! பிரேசில்காரன் இப்பத்தான் கண்டுபிடிக்கிறானா?”

அந்த நேரம் பார்த்து ஒச்சம்மாள் எழுந்தாள். இரண்டு கையிலும் வாழைக்காய் நிறைந்த பாத்திரம். பேச்சை நிறுத்தவில்லை, மூச்சும் வாங்கவில்லை. வாழை இலைக்குச் சொல்லியாச்சா என்று கேட்டுக்கொண்டே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சின்னக்கருப்பன் அவள் முதுகையே பார்த்தார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவள் எழுந்திருப்பதை இன்றுதான் பார்க்கிறார்.

“அம்மாவுக்குப் பத்துக்குப் பத்து” என்றாள் ஆர்த்திகா. “முப்பது செகண்டுல நாற்காலில இருந்து பதினெட்டுத் தடவ எந்திரிச்சாங்க. என் நோட்டுல மொதப் பேரே அம்மாதான். கீழ உக்காந்து வேலை பாத்த ஒடம்பு.”

“என் பேரு?”

“நீங்கதான் பெத்த மக எனக்கு மார்க் போடுறதான்னு கேட்டீங்களேப்பா.”

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “சரி, அந்த ஒருத்தர் இந்தப் பயிற்சி எல்லாம் செஞ்சா எப்ப சரியாகும்?”

“கை இல்லாத நாற்காலில உக்காந்து உக்காந்து எந்திரிக்கணும். ஆறு எட்டு வாரம் விடாம செஞ்சா வித்தியாசம் தெரியும்.”

“ஆறு வாரமா? ஒன்பதே காலுக்கு அவருக்குத் தட்டு வாங்குற சோலி இருக்கேத்தா!”

சமையலறையில் கடுகு வெடித்தது.

“யாருக்குப்பா?”

சின்னக்கருப்பன் கைக்கடிகாரத்தின் வாரை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். ஒச்சம்மாள் கரண்டியோடு திரும்பினாள். “ஆணி பழசுன்னு சொன்னப்பவே நெனச்சேன்” என்றாள்.

“நாற்காலி போட்டுருவோம்ப்பா. இப்ப எல்லா வீட்லயும் போடுறாங்க.”

“எல்லா வீடும் காளை வீடு இல்ல.” அவர் குரல் தணிந்துவிட்டது. “எனக்குன்னு நெலம் நீச்சு ஒண்ணும் அவரு வச்சுட்டுப் போகல ஆத்தா. இந்த ஒண்ணைத்தான் வச்சுட்டுப் போனாரு.”

ஆர்த்திகா அதன் பிறகு நாற்காலி என்ற சொல்லை எடுக்கவில்லை. பலத்தை ஒரு மணி நேரத்தில் கொடுக்க முடியாது, முறையைக் கொடுக்கலாம் என்றாள். குதிகாலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. மூக்கு முட்டியைத் தாண்டுகிற அளவுக்கு உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். சின்னக்கருப்பன் ஒரு தடவை செய்து பார்த்து, அப்படியே பின்னால் போய் அரிசி மூட்டையில் சாய்ந்தார். தாயும் மகளுமாக இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

ஒச்சம்மாள் அதற்கு மேல் ஆராய்ச்சியை நம்பவில்லை. மணைப்பலகையை எடுத்துப் போய், கூடத்தில் ஜமுக்காளத்துக்கு அடியில் ஒரு முனையில் சொருகினாள். “நாலு விரக்கடை ஒசரம். சன்னல் பக்கமா நீங்க உக்காருங்க. ஒருத்தருக்கும் தெரியாது.”

ஒன்பது மணிக்கு வேன் வந்தது. மாப்பிள்ளை முத்துக்குமரன் இறங்கி, “வாரோம் மாமா” என்று கும்பிட்டான். பின்னால் அழகுபாண்டி, முறுக்கிய மீசையும் மடிப்புக் கலையாத வேட்டியுமாக, வேனின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஒவ்வொரு காலாக இறக்கினார். வேறு நாளாக இருந்தால் சின்னக்கருப்பன் அதைக் கவனித்திருப்பார். இன்று அவருக்குத் தன் முட்டிக் கவலையே போதுமானதாக இருந்தது.

அழகுபாண்டியின் அக்கா சுந்தரம்மாள் உள்ளே நுழைந்ததும் கூடத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். “தம்பி, நீ சன்னல் பக்கமா ஒக்காரு. காத்து வரும்.”

“அது வந்து...” என்றார் சின்னக்கருப்பன்.

அதற்குள் அழகுபாண்டி சன்னல் பக்கம் போய், முத்துக்குமரன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயிற்று. “என்ன, இந்த எடம் மேடா இருக்கு?”

“எங்க வீட்டு ஜமுக்காளம் கனமானதுண்ணே” என்றாள் ஒச்சம்மாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

சின்னக்கருப்பன் எதிரே வெறும் தரையில் உட்கார்ந்தார். நல்ல நேரம் பத்தேகால் வரை. பத்தரைக்கு ராகு காலம். பெண் அழைத்து, விவரம் சொல்லி, சபையில் சம்மதம் கேட்டு முடித்தபோது மணி ஒன்பது நாற்பது. அழகுபாண்டி பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து நீட்டினார். பட்டுச்சேலை, தேங்காய், வெற்றிலை, வாழைச்சீப்பு. சின்னக்கருப்பன் இரண்டு கையாலும் பிடித்தார்.

இனி கொடுத்தவர் விட வேண்டும். வாங்கியவர் எழ வேண்டும். கூடவே கொடுத்தவரும் எழ வேண்டும்.

கொடுத்தவர் விடவில்லை. வாங்கியவரும் இழுக்கவில்லை.

“இந்த வருசம் உங்க பக்கம் மழை எப்படி?” என்று கேட்டார் சின்னக்கருப்பன்.

“பரவால்ல சம்மந்தி. பெரியாத்துத் தண்ணியும் வந்துச்சு” என்றார் அழகுபாண்டி, ஆவலாக. “நெல்லு நிக்குது. உங்க பக்கம்?”

“இங்க நல்ல மழை. நாகமலையே பச்சையா கெடக்கு.”

தாம்பாளம் இருவர் மடிக்கும் நடுவில் இருந்தது. மழைக்குப் பிறகு உரம் வந்தது. உரத்துக்குப் பிறகு நாலுவழிச் சாலை வந்தது. வளையல்களும் பூவுமாக நின்ற பெண்கள் கால் மாற்றி நின்றார்கள். மணி பத்து.

“நீங்க எந்திரிங்க சம்மந்தி” என்றார் சின்னக்கருப்பன்.

“அதெப்படி? பொண்ணு வீட்டுக்காரரு மொதல்ல.”

“விருந்தாளிய உக்கார வச்சுட்டு நான் எந்திரிக்கிறதா? மரியாதையா அது?”

“மரியாதைன்னா நீங்கதான் பெரியவரு.”

“என்னப்பா இது!” என்று சுந்தரம்மாள் வெடித்தாள். “ரெண்டு பேரும் பசை போட்டு ஒட்டுனாப்புல ஒக்காந்திருக்கீக! தட்டுல எதும் குறையா? சொல்லிப்புடுங்கண்ணே!”

குறை என்ற சொல் சபையில் விழுந்துவிட்டது. முத்துக்குமரனின் முகம் வெளுத்தது. தூணருகே பட்டுச்சேலையில் நின்ற ஆர்த்திகா, அப்பாவைப் பார்த்தாள். இன்னும் பத்து நிமிஷம் இப்படியே போனால் சம்பந்தமே முறிந்துவிடும் என்று சின்னக்கருப்பனுக்குப் புரிந்தது. தரையில் கை வைத்துவிடலாமா? வலது கை தாம்பாளத்தை விட்டு ஒரு அங்குலம் நகர்ந்தது. தகப்பனாரின் காய்த்த உள்ளங்கை கண்ணில் வந்தது. கை திரும்பிப் போய்த் தாம்பாளத்தையே பிடித்தது.

அப்போதுதான் அவர் எதிரே இருந்த முகத்தைச் சரியாகப் பார்த்தார். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த அழகுபாண்டியின் நெற்றியில் வியர்வை. கண்கள் சன்னலுக்கு வெளியே, ஒன்றுமில்லாத மதில்சுவரை அக்கறையாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

முப்பது வருஷப் பழக்கம் வீண்போகுமா? சின்னக்கருப்பன் பஸ்ஸில் ஏறியதும் சன்னல் வழியே இப்படி வேடிக்கை பார்ப்பவனிடம்தான் முதலில் போய் நிற்பார். டிக்கெட் இருக்காது.

வெற்றிலையைச் சரிசெய்கிறாற்போல் குனிந்தார்.

“சம்மந்தி. கீழ உக்காந்து எம்புட்டு நாளாச்சு?”

அழகுபாண்டி மதில்சுவரை விட்டுத் திரும்பினார். “ஆறு வருசம். நடவுக்கே மிஷின் வந்துருச்சு. நீங்க?”

“நாலு.”

“அடப்பாவிகளா. நாற்காலின்னு சொல்லுவீகன்னுதானே போன்லயே கேட்டேன்!”

“கேட்டது வெளங்கல. மன்னிச்சிருங்க.”

“இப்ப என்ன செய்ய?”

“தாம்பாளத்த விட்டுராதீக. குதிகாலை உள்ள இழுங்க. மூக்கு முட்டியத் தாண்டணும். நான் இங்கிட்டு இழுப்பேன், நீங்க அங்கிட்டு இழுங்க. மூச்சு மட்டும் பிடிக்கக் கூடாது.”

“இதெல்லாம் எங்க படிச்சீக?”

“உங்க வீட்டுக்கு வரப்போற மருமக சொல்லிக் குடுத்தது.”

இரண்டு வேட்டிகள் அசைந்தன. நாலு குதிகால்கள் உள்ளே வந்தன. இரண்டு மூக்குகளும் தேங்காயை முகர்வதுபோல் முன்னே சாய்ந்தன. பித்தளைத் தாம்பாளம் நடுவில் விறைத்தது. ஒருவர் கனத்தை மற்றவர் கனம் இழுக்க, கையால் தூக்கிய தராசின் இரண்டு தட்டுகள் சேர்ந்து உயருவதுபோல் இருவரும் மெல்ல மேலே வந்தார்கள். பாதி வழியில் அழகுபாண்டி “முருகா” என்றார். வாழைச்சீப்பு நழுவி ஜமுக்காளத்தில் விழுந்தது. தேங்காய் இப்படியும் அப்படியும் உருண்டு ஓரத்தில் நின்றது.

எழுந்துவிட்டார்கள். நாலு கையில் ஒரு கையும் தரையில் படவில்லை. மணி பத்து பன்னிரண்டு.

பெண்கள் குலவையிட்டார்கள். சுந்தரம்மாள் கன்னத்தில் கை வைத்தாள். “ஆத்தாடி! ரெண்டு பேரும் ஒரே தட்டப் பிடிச்சு ஒண்ணா எந்திரிச்சாக பாரு! இதுக்குத்தான் இம்புட்டு நேரம் கலந்து பேசுனாகளா? இதுல்ல முறை! எங்க பக்கமும் இனிமே இப்படித்தான்.”

“எங்க வம்சத்துல எப்பவும் இப்படித்தாங்க” என்றார் சின்னக்கருப்பன், நெஞ்சை நிமிர்த்தி.

ஒச்சம்மாள் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மேஜைப் பந்தி முடிந்து, பெரியவர்கள் இருவரும் கூடத்தில் சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். உட்காரச் சொன்னவர்களிடம் இருவருமே சாப்பாடு கனமாகிவிட்டது என்றார்கள். ஆர்த்திகா தாம்பூலம் கொடுக்கிற சாக்கில் அப்பாவின் அருகே வந்தாள்.

“உங்க பேர நோட்டுல எழுதிக்கவாப்பா?”

சின்னக்கருப்பன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, நிதானமாக மென்றார். “எழுதிக்க. அப்படியே கீழ உன் மாமனார் பேரையும்.”

“ஆளுக்கு எத்தன மார்க்?” என்று அழகுபாண்டி கிசுகிசுத்தார்.

பதில் வருவதற்குள் சுந்தரம்மாள் கையைத் தட்டி எல்லாரையும் அழைத்தாள். “ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். தை பொறந்ததும் மொதப் பத்திரிகைய எங்க குலசாமிக்குத்தான் வைக்கணும். ரெண்டு தகப்பன்மாரும் இதே தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டு ஏறணும்.”

“ஏறணுமா?” என்றார் சின்னக்கருப்பன். “கோயில் எங்க இருக்கு?”

“மலை மேலதான். நானூத்திப் பன்னெண்டு படி. இன்னைக்கு எந்திரிச்சீகளே, அதே மாதிரி. கை எங்கயும் படக்கூடாது.”

தன் சொந்தக் குலசாமிக்கு எத்தனை படி என்று அழகுபாண்டிக்குத் தெரியாதா என்ன? அவர் மறுபடியும் சன்னல் வழியே மதில்சுவரைப் பார்க்கத் தொடங்கினார்.

“தை பொறக்க இன்னும் எத்தன வாரம் இருக்குத்தா?” என்று சின்னக்கருப்பன் மகளிடம் கேட்டார்.

“ஏழு.”

கல்யாணப் பெண் தலை குனிந்திருக்க வேண்டிய நேரம். ஆர்த்திகா தலையை நிமிர்த்தி, இரண்டு தகப்பன்மாரையும் முழங்காலிலிருந்து தோள் வரை ஒருமுறை அளந்து பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“அம்மா, சாப்பாட்டு மேஜைகிட்ட இருந்து கை இல்லாத நாற்காலி ரெண்டு எடுத்துட்டு வாங்க.”